அஞ்சரைக்குப் போனவன்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆளில்லாத தோல் தொழிற்சாலையின் ஷெட்டில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது. பாண்டியனுடையது.

வியாழக்கிழமை வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லையென்று அவன் மனைவி நந்தினி மறுநாள் ஆபீசுக்கு வந்து அழுதபோது, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரெனிட்டாதான் திரையைப் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சரைக்கே கார்டு காட்டிட்டு வெளிய போய்ட்டாருக்கா." நந்தினி அதை நம்பி, திமிரியில் சொந்தக்காரர் வீடு வீடாகத் தேடப் போய்விட்டாள். சைக்கிளை விட்டுவிட்டு ஆம்பூரிலிருந்து திமிரிக்கு எவன் நடந்து போவான்?

மழைக்காற்றில் ஊறிய தோலின் வீச்சமும் சுண்ணாம்பு நெடியும் ஜன்னலிடுக்கில் கசிந்து தொண்டையைப் பிடிக்க, கீழே எங்கோ மூடாத குழாய் சொட்டிக்கொண்டிருக்க, மாடிக் கம்ப்யூட்டர் அறையில் ரெனிட்டா தான் எழுதிய நாலு வரி புரோகிராமையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழன் மாலை ஆறு மணிக்கு மேனேஜர் தேவானந்தம் கேட்டு எழுதியது. இருவரும் ஒரே சர்ச், அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"நெறைய பேரு போகும்போது கார்டு காட்ட மறந்துடுறாங்கம்மா. வெளியே போன நேரம் காலியா நின்னா ஆடிட்டுல பேஜாரு. காலியா இருந்தா அஞ்சரைன்னு காட்ற மாதிரி பண்ணு. உள்ள இருக்குற டேட்டாவ தொடாத. திரையில தெரியறது மட்டும்."

நாலு வரியையும் அழித்துவிட்டு, பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். வியாழக்கிழமைப் பட்டியலில் இருநூறு பேர். ஒரே ஒரு கட்டம்தான் காலி.

நெறைய பேராம். பாவி மனுஷன்! தேவானந்தத்துக்கே போன் போட்டாள். அவர் பின்னால் பாட்டுச் சத்தம், ஆராதனையில் இருந்தார்.

"அண்ணே, பாண்டியன் வெளியவே போகல. உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

அவர் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், பாட்டுச் சத்தம் தள்ளிப் போனது.

"சுண்ணாம்புத் தொட்டில வுழுந்துட்டான். நாளைக்கு ஆடிட்டு முடியட்டும், பாத்துக்கலாம். வெளிய சொல்லாத. அஞ்சரைன்னு எழுதுனது நீதான், ரெனிட்டா. உன் பேர்லதான் இருக்குது."

"உங்கள கூடப்பொறந்தவரா நெனச்சேனேண்ணே!"

லைன் கட்டாகிவிட்டது.

நந்தினியிடம் காட்ட ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு கதவிலும் கார்டு காட்டியதைப் பதிந்து வைக்கும் அட்டவணையை, யாரும் திறக்காத அதை, அப்படியே திரைக்குக் கொண்டுவந்தாள். பாண்டியன் பெயரில் கடைசி வரி. தொட்டி ஷெட் கதவு. 10:41.

வியாழன் அல்ல. இன்று.

மணி பார்த்தாள். 10:42.

புது வரி வந்தது. கீழ்த்தள நடை. 10:43.

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. ஈரத்தில் எதையோ இழுக்கிற சத்தம். படியில்.

மாடி வாசல். 10:45.

சுண்ணாம்பு நெடி. கண் எரிந்தது. "கர்த்தாவே..." என்றாள்.

கம்ப்யூட்டர் அறை. 10:46.

கதவு பீப் என்றது.

கதவுக் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை பதிந்தது. வெளுத்து, ஊறி, ரேகை தெரியாமல். மெல்லக் கை விலகியது.

தோல் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது. ஐந்து விரலோடு.