கண்ணாடி பார்க்காமல் வாங்கிய விக்

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு விளக்கு, பொத்தானை அழுத்தினால் அரை நிமிடம்தான் எரியும். நானும் என் தங்கை ரெய்சலும் இரண்டாவது மாடியைத் தாண்டும்போது அது டக்கென்று அணைந்துவிட்டது. வெளியே பகல் மூன்று மணி வெயில் கொளுத்துகிறது. உள்ளே கும்மிருட்டு.

"அக்கா, பொத்தான் எங்க?"

"சுவத்தத் தடவிப் பாருடி. சுவரு எங்கயும் ஓடிப்போயிடாது."

பயந்தால் எனக்கு வாய் நீளும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு எதற்குப் பயந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேலேயிருந்து மெழுகுவர்த்தி வாடையும் அவித்த முட்டை வாடையும் கலந்து வந்தது. அவ்வளவுதான்.

ரெய்சலுக்குக் கல்யாணம் நடக்க ஒன்பது நாள் இருந்தது. எங்கள் யூத வழக்கப்படி, கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலிருந்து அவள் சொந்த முடியை ஊர் பார்க்கக் கூடாது. தலையில் விக் இருந்தாக வேண்டும். எங்கள் ஊர் ப்னெய் ப்ராக்கில் தெருவுக்கு இரண்டு விக் கடை உண்டு, இருந்து என்ன பயன்? முதல் கடையில் நன்றாக இருந்ததன் விலைக்கு ஒரு சமையலறையே புதுப்பித்துவிடலாம். இரண்டாவது கடைக்காரி, எங்களுக்கு விலக்கான இந்தியக் கோயில் காணிக்கை முடி ஒரு இழைகூடக் கலக்கவில்லை என்று மதகுரு ரபி கொடுத்த சான்றிதழைத்தான் முதலில் காட்டினாள். விக்கைக் காட்டியபோது அது ரெய்சலின் நீள முகத்தை இன்னும் ஒரு சாண் நீட்டியது. மூன்றாவது கடையில் நைலான் முடி. அடுப்பைத் திறந்து ஆவி பட்டால் பொசுங்கிப் போகும்.

"இந்த டோப்பாவப் போட்டா நான் மாப்பிள்ளைக்கே மாமியார் மாதிரி இருக்கேன்" என்று ரெய்சல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

விக் வாங்கப் பெண்கள் அம்மாவோடுதான் போவார்கள். எங்கள் அம்மா தவறியபோது ரெய்சலுக்கு நாலு வயது, எனக்குப் பதினைந்து. அவளைக் குளிப்பாட்டியது, பேன் சீப்பு போட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் இந்த ஹிண்டாதான். ஆனாலும் கடைக்காரிகள் "அம்மா வரலியா?" என்று கேட்கும்போதெல்லாம் ரெய்சலின் முகம் சுருங்கும். பக்கத்தில் நான் குத்துக்கல் மாதிரி நிற்பது கண்ணில் படாது. அது எனக்குச் சுருக்கென்று தைக்கும். வெளியே சொன்னதில்லை.

அப்போதுதான் தெருவில் இலவசமாகப் போடும் வாரத்தாளில் அந்த விளம்பரம் வந்தது. 'மணப்பெண்ணுக்கு மட்டும். அசல் முடி. ஒரு முறையும் போடாதது. நேரில் வரவும்.' முகவரி இருந்தது. தொலைபேசி எண் இல்லை.

மூன்றாவது மாடிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே ஜன்னல் திரைகள் எல்லாம் இறக்கியிருந்தன. ஒரு அம்மாள் தரையோடு தரையாக ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முக்காலியின் ஒரு கால் உடைந்து, நீல நைலான் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது. எங்களை வா என்று அவள் சொல்லவில்லை. அவள் சட்டைக் கழுத்து ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது. சுவரில் இருந்த பெரிய கண்ணாடியை வெள்ளைத் துப்பட்டி போட்டு மூடியிருந்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. துக்க வீடு. சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏழு நாள் தரையோடு உட்காரும் வீட்டில் கதவைத் தாழிட மாட்டார்கள், கண்ணாடியைத் திறந்து வைக்க மாட்டார்கள், வந்தவரை வரவேற்க மாட்டார்கள்.

"வாடி போலாம்" என்று ரெய்சலின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உட்காருங்க" என்றாள் அந்த அம்மாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம வந்துட்டோம். துக்கத்துல இருக்கறப்ப போய்..."

"நான்தானே விளம்பரம் குடுத்தேன்."

"யாரு தவறினது?"

"என் பொண்ணு. பெய்லா. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்துச்சு."

ரெய்சல் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எத்தனாவது நாள்மா இன்னிக்கு?" என்று கேட்டேன்.

"ஆறாவது."

மேசைமேல் வெள்ளைத் தலைப் பொம்மை ஒன்றில் அந்த விக் இருந்தது. காய்ச்சிய சர்க்கரைப் பாகின் நிறம். ரெய்சலின் சொந்த முடியின் நிறமும் அதுதான். அந்த அம்மாள் விரலால் கூப்பிட, ரெய்சல் போய் அவள் முன்னால் மண்டியிட்டாள். தலைமுடியைச் சுருட்டி ஊசி குத்தி, விக்கை நெற்றியிலிருந்து பின்னால் இழுத்து, காதோரப் பட்டைகள் இரண்டையும் சரிபார்த்து, உள்சீப்புகளைச் செருகினாள் அவள். எல்லாம் பழகிய கை. கடைசியில் இரண்டு விரலை நாக்கில் நனைத்து, ஒரு கற்றையை எடுத்து ரெய்சலின் இடது காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"இப்படி விட்டாத்தான் பெய்லாவுக்குப் பிடிக்கும்."

ரெய்சல் கண்ணாடித் துப்பட்டியை விலக்கக் கை நீட்டினாள்.

"தொடாத கண்ணு. கண்ணாடி எதுக்கு? நான் பாக்கறேன்ல? அம்மா சொல்றேன், அழகா இருக்க."

அழகாகத்தான் இருந்தது. கன்னத்தோரம் இறங்கிய சிறு முடிகள் அந்த நீள முகத்தை அளவாக்கிவிட்டன. வகிடு, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போல் இருந்தது. தலைக்கு அளவெடுத்துத் தைத்தாலும் இப்படிப் பொருந்தாது. எழுந்து ஓடு என்று என் மனசு சொன்னது. இதை விட்டால் வேறு எங்கே கிடைக்கும் என்றும் அதே மனசு சொன்னது.

"விலை எவ்வளவும்மா?"

"துக்கத்துல வியாபாரம் பண்ணக் கூடாது. அந்தத் தர்ம உண்டியல்ல தோணினதப் போடு."

முந்நூறு ஷேகல் போட்டேன். அதற்கு நைலான் விக்கில் பாதிகூட வராது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பேராசை என்னுடையது, ரெய்சலைக் குறை சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது ரெய்சல் சொன்னாள்: "அடுத்த வாரம் செவ்வாய் எனக்குக் கல்யாணம். நீங்க வரணும்."

"துக்கத்துல உக்காந்தவ கல்யாணத்துக்கு எப்படி வருவா? கை குடுத்து எழுந்திருன்னு சொல்லணும். அப்பத்தான் எழுந்திருக்கலாம்."

"அது நாளைக்கு ஏழாம் நாள் காலைல உங்க மனுஷங்க வந்து சொல்லுவாங்கம்மா" என்றேன் நான், அவசரமாக.

"எல்லாரும் சொல்லிட்டாங்க. சொல்ல வேண்டியவ சொல்லல."

ரெய்சல் விக்கை இன்னும் கழற்றவில்லை. கையை நீட்டினாள்.

"எழுந்திருங்கம்மா."

அம்மா. பதினைந்து வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அந்த அம்மாள் எழுந்தாள். முழங்கால் எலும்புகள் ஒவ்வொன்றாய் முறிவது போல் சத்தம் கேட்டது. நான் நினைத்ததைவிட ரொம்ப உயரம்.

சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காய் வாங்கப் போனபோது, சுவரில் கறுப்புக் கரை போட்ட இறப்பு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஸ்லாத்தா என்ற பெயர். அதே முகவரி. பையோடு அந்தக் கட்டடத்துக்கு ஓடினேன். கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி படிகளில் தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது மாடியம்மாவா? பாவம், விடுதலைனு நினைச்சுக்கங்க. ரெண்டு வருஷமா அந்த முக்காலியிலயே உக்காந்திருந்துச்சு."

"ரெண்டு வருஷமா? ஆறாவது நாள்னு சொன்னாங்களே!"

"எப்பக் கேட்டாலும் ஆறாவது நாள்தான். பொண்ணு செத்த ஏழாம் நாள் நாங்க அத்தனை பேரும் எழுந்திரும்மான்னு கெஞ்சினோம். ரபியே வந்து சொன்னாரு. ம்ஹூம். பெய்லா வந்து சொல்லட்டும்னுடுச்சு. நாங்கதான் மாத்தி மாத்தி முட்டையும் ரொட்டியும் வெச்சோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாத்தா, தானா எறங்கி வருது! தெருவ ஒரு சுத்து சுத்தி வந்து, 'பொண்ணு கூப்பிட்டா, கல்யாணத்துக்குப் போகணும்'னுச்சு. மேல போய்ப் படுத்துச்சு. அவ்ளோதான்." தண்ணீர் தள்ளும் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க என்ன உறவு?"

நான் பையை இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து விக்கைப் புரட்டிப் பார்த்தேன். உள்வலையில் ஒரு வெள்ளை நாடா தைத்திருந்தது. அதில் பெய்லா என்று நூலால் எழுதியிருந்தது. விக் தைப்பவர்கள் வாங்குகிறவரின் பெயரை இப்படித் தைப்பது வழக்கம்தான். பிளேடால் நூலை அறுத்து நாடாவைக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலையில் நாடா விக்கில் பழைய இடத்திலேயே இருந்தது.

அதே நூல். அதே தையல்.

"இத வேணாம்னு விட்டுடலாம்டி. கடனோ உடனோ வாங்கி வேற எடுக்கலாம்" என்றேன். "ஏன், உனக்குப் பொறாமையா?" என்றாள் ரெய்சல். அவள் என்னிடம் அப்படிப் பேசுகிறவளே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

தாயில்லாப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் கல்லறைக்குப் போய்த் தாயைக் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிப் போனேன். எங்கள் அம்மாவின் கல்லுக்கு முன்னால் ரெய்சல் வாய் திறக்காமல் நின்றாள்.

"கூப்பிடுடி. அம்மா, என் கல்யாணத்துக்கு வான்னு சொல்லு."

"எதுக்கு? அம்மாகிட்டச் சொல்லியாச்சு. வரேன்னுட்டாங்க."

காற்றே இல்லை. அவள் இடது காதோரம் கிடந்த சொந்த முடிக்கற்றை தானாக எழும்பி, காதுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது.

அவித்த முட்டை வாடை அடித்தது.

நானே எங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். கல்லில் நெற்றியை வைத்து, உன் பெண்ணை விட்டுவிடாதே என்று கதறினேன். ரெய்சல் வாசலில் நின்று பொறுமையாகக் காத்திருந்தாள், யாரோ ஒருத்தியின் அழுகை முடியட்டும் என்பது போல.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணப்பந்தல். மணப்பெண்ணை மாமியார் வலது கை பிடித்தும், தாய் இடது கை பிடித்தும் கூட்டிப் போவார்கள். தாயின் இடத்தில் நான். பதினைந்து வருஷமாக நான் ஆசைப்பட்ட இடம் அது. புதுச் சட்டை, கையில் மெழுகுவர்த்தி. மாமியார் வலப்பக்கம் பிடித்துக்கொண்டாள். நான் இடது முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

அவள் முழங்கை ஏற்கெனவே மடங்கியிருந்தது.

வெள்ளைப் பட்டுக் கையில் நாலு இடம் உள்ளே அமுங்கியிருந்தது. நாலு விரல்.

என் கை அதில் பட்டு ஐஸில் பட்டது போல் வழுக்கியது. முகத்திரைக்குள்ளிருந்து ரெய்சல் கிசுகிசுத்தாள்:

"நீ பின்னாடி வாக்கா. அம்மாவ இடிக்காத."

நான் பின்னால் நடந்தேன். என் மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. "ஏன் ஹிண்டா, பொண்ணோட இடதுபக்கம் ஆளில்லாம விட்டுட்ட?" என்று நாத்தனார் அப்புறம் கேட்டாள். அவளை ஏதோ திட்டிவிட்டேன்.

மறுநாள் காலை கேக் செய்து எடுத்துக்கொண்டு புதுவீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை பிரார்த்தனைக்குப் போயிருந்தார். அவள்தான் கதவைத் திறந்தாள். தலையில் அந்த விக். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை அழகான பெண்ணை நான் பார்த்ததில்லை. இரண்டு விரலை நாக்கில் நனைத்து, கற்றையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"விளையாடாதடி ரெய்சல். அக்கா வந்திருக்கேன்."

"வீடு மாறி வந்துட்டீங்க போல." குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "எனக்கு அக்கா யாரும் கிடையாது. நானும் அம்மாவும் மட்டும்தான்."

உள்ளே சமையலறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "இதோ வரேம்மா" என்றாள். கதவு மூடியது.

படிக்கட்டு விளக்கு டக்கென்று அணைந்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கூடத்துக் கண்ணாடியை யாரோ வெள்ளைத் துப்பட்டி போட்டு மூடியிருந்தார்கள். அதற்கு முன்னால், தரையோடு தரையாக, ஒரு குட்டை முக்காலி. ஒரு கால் நீல நைலான் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது.

நான் தானாகப் போய் அதில் உட்கார்ந்தேன்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே மழைக்காலம் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டில் முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைக்கிறார்கள். பிள்ளைகள் என் அருகில் வராமல் கதவோரமே நின்று பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் தினமும் காலையில் கை நீட்டி, "எழுந்திரு ஹிண்டா, எழுந்திரும்மா" என்று அழுகிறார். நல்ல மனுஷர். ஆனால் சொல்ல வேண்டியவள் அவர் இல்லையே.

நேற்று ரபியைக் கூட்டி வந்தார். ரபி குனிந்து, மெதுவாகக் கேட்டார், எத்தனை நாளாக இப்படி உட்கார்ந்திருக்கிறாய் அம்மா என்று.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தவறாமல் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

"ஆறாவது நாள்" என்றேன்.