இரண்டு பேருக்கான கதிரை

கதிரை மெத்தையின் இடப்பக்கம் மறுபடியும் அமுங்கியிருந்தது. மிருணாளினி கையை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

மல்கிரேவில் இருக்கும் அவர்கள் வீட்டுக் கராஜில், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஃபைபர் சிம்மாசனங்களின் நடுவே அந்த இரட்டைக் கதிரை நின்றது. வளைந்த கால்கள், சிப்பியும் இலையுமாகச் செதுக்கிய முதுகு, தேய்ந்த தங்க முலாம், ரோசா நிறப் பட்டு. இறந்துபோன ஒரு வெள்ளைக்காரியின் வீட்டு ஏலத்தில் அவள் கணவன் ஆரூரன் எடுத்தது. பிரெஞ்சு ராசாக்கள் காலத்துச் சாமான் என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். வயதுக்கு வந்த மகள் ஹரிப்பிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாமத்திய வீடு. பிள்ளையை இதில்தான் இருத்தவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"என்னப்பா, நீங்கள் இதில படுத்தனீங்களோ?"

"உனக்கென்ன விசரே? அது காசு உழைக்கிற கதிரை."

அவள் நம்பவில்லை. பட்டில் முகப்பவுடரும் வாடிய பூவும் கலந்த ஒரு வாசம் இருந்தது. இந்த வீட்டில் அப்படிப் பவுடர் பூசுகிறவர் எவருமில்லை. எவளைக் கூட்டிவருகிறான்? கராஜைப் பூட்டித் திறப்பைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

விடிந்ததும் திறந்தாள். அதே பக்கம். அதே சூடு.

அப்படியானால் அவனில்லை. அந்த நினைப்பு நிம்மதியைத் தரவில்லை. இந்தக் கதிரை வாடகைக்குப் போன கல்யாணங்களின் படங்களைக் கைபேசியில் தேடிப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை ஒரு கரை, பொம்பிளை மறு கரை, நடுவில் ஓர் ஆள் இருக்கிற அளவுக்கு இடம். கட்டின அன்றைக்கே சண்டையோ என்று அப்போது சிரித்திருக்கிறாள். இப்போது பார்த்தால், பெண்கள் எல்லாரும் கைப்பிடியோடு ஒட்டி, கழுத்தை மறுபக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

"அது வேண்டாமப்பா. எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள் ஆரூரனிடம்.

"சரி, சரி. கொண்டுவரேல்லை."

ஞாயிறன்று டண்டினொங் மண்டபத்தில், வாசலில் நின்று சனத்துக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவளின் மூக்கில் அந்த வாசம் ஏறியது. திரும்பினாள். மேடையில் தங்கம் மினுங்கியது. பாவி மனுசன் கொண்டுவந்துவிட்டான்!

ஹரிப்பிரியா ஏற்கெனவே அமர்ந்திருந்தாள். வலப்பக்கம். சிவப்புப் பட்டு, தலை நிறையப் பூ. படக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

கதிரையின் மரம் முனகியது.

மிருணாளினி ஓடினாள். யாரையோ இடித்தாள். பன்னீர்ச் செம்பு உருண்டது.

"எழும்பு பிள்ளை! எழும்பு!"

தோளைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை அசையவில்லை.

"அம்மா," என்றாள் ஹரிப்பிரியா, மிக மெதுவாக. "இவர் ஆர்? கையை விடுறாரில்லை."

பக்கத்தில் ஒருவருமில்லை. பிள்ளையின் இடக்கை அந்தரத்தில் நீண்டிருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று நெரிந்து வெளுத்திருந்தன. மணிக்கட்டில் தசை குழிந்தது. கண்ணாடி வளையல்கள், யாரோ கையால் தள்ளித் தள்ளி ஏற்றுவதுபோல, ஒவ்வொன்றாக முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.