நடு வால்வு

நடு வால்வைத் திருகியதும் ‘உஸ்ஸ்’ என்று சத்தம் வந்தது. வரக்கூடாத சத்தம்.

நீருக்கடியில் மூச்சுவிட முதுகில் மாட்டும் இரண்டு சிலிண்டர்களையும் அவள் காலையில்தான் நிரப்பி, இரண்டையும் இணைக்கும் அந்த வால்வைத் திறந்தே வைத்திருந்தாள். யாரோ மூடியிருக்கிறார்கள். காற்று இடமிருந்து வலத்துக்குப் பாய்கிறதென்றால், வலதிலிருந்து யாரோ ஆசைதீர மூச்சு இழுத்திருக்கிறார்கள். இடதில் மாட்டிய மீட்டரோ அதுவரை ஒன்றும் தெரியாததுபோல் முழுசாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பிக் குகைக்குள் இறங்கியிருந்தால் அதோகதிதான்.

“தம்பி, சிலிண்டரைத் தொட்டியா?”

ஷெட் வாசலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கொழுந்தன் நிமிர்ந்தான். “நான் எதுக்கு அண்ணி தொடப்போறேன்? அதைப் பாக்கவே பிடிக்கல.”

பாவம், எப்படிப் பிடிக்கும்? போன வாரம் தண்ணீர் நிரம்பிய குகைக்குள் அவள் கணவரும் இவனுமாகப் போய், இவன் மட்டும் திரும்பி வந்தான். சேறு கலங்கியதில் அண்ணனின் கை நழுவிவிட்டதாம். அவளும் அதற்குமேல் துருவவில்லை. நாளை அவளே இறங்குகிறாள். உடம்பையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவரை அந்த இருட்டில் தனியே விட்டுவிட்டு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொழுந்தன் வண்டியை எடுக்கப் போனான். மழை வலுத்தது. எங்காவது கசிகிறதா என்று எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். ஒரு குமிழி இல்லை. வலது சிலிண்டரின் நீள மூச்சுக் குழாயை எடுத்தாள். காற்று தீர்ந்தவன் யோசிக்கமாட்டான், கூட வருபவரின் வாயில் இருப்பதைத்தான் பிடுங்குவான். அதனால்தான் நீளக் குழாய் எப்போதும் வாயில், இன்னொன்று கழுத்தில். சொல்லிக்கொடுத்தவரே அவள் கணவர்தான். “என் வாயில இருக்கிறது உனக்குத்தான். எச்சில்னு மூஞ்சியைச் சுளிக்காதே” என்று சிரிப்பார்.

குழாய் முனையில் பல்லால் கடிக்கும் ரப்பர் ஈரமாக இருந்தது. குகைச் சேற்றின் வாடை.

மழைக்கு நடுவே ஒரு மூச்சு இழுப்பு. பிறகு மூச்சு விடும் சத்தம்.

குழாய் இறுகியது. கையைவிட்டு நழுவி, அலமாரிக்குப் பின்னால் இருந்த இருட்டுக்குள் போனது. மீட்டரின் முள் இறங்கியது.

வால்வை மூட அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“மெதுவா இழுங்க. அவசரமே இல்ல. எல்லாம் உங்களுக்குத்தான்.”

இழுப்பு. இழுப்பு.

முள் பூஜ்யத்தில் விழுந்தது.

அமைதி.

இருட்டிலிருந்து ஊறி வெளுத்த கை ஒன்று வந்தது. காற்று இல்லை என்று கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டியது. பிறகு அவள் வாயை நோக்கி நீண்டது.