சத்தம் வெளியே போகாத அறை

கார்குழலி கை தட்டினாள். அறை அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை.

கட்டில் இல்லை, பீரோ இல்லை, ஒரு திரைச்சீலைகூட இல்லை. நான்கு வெற்றுச் சுவர்கள், மேலே ஒரு டியூப்லைட், அவ்வளவுதான். திருவொற்றியூரில் அவர்கள் புதிதாக வாடகைக்கு வந்திருந்த மாடி வீட்டில் ஜன்னலே இல்லாத அறை இது ஒன்றுதான். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் உறுமல் இங்கே மட்டும் பாதியாகக் குறைந்தது. அதற்காகவே ஒலிப்பதிவுக்கு இதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அப்சல் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தானும் ஒரு முறை தட்டிப் பார்த்தான். அவள் கணவன் தீனாவின் தோஸ்து அவன். வண்ணாரப்பேட்டையில் கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிறவன்.

“இன்னா அண்ணி, பேஜாரா கீது. காலி ரூமுன்னா கிண்ணுனு கூவணும். மத்தியானம் மண்டபத்துல செட்டு போடசொல்லோ அப்டித்தான் கூவும். சாயங்காலம் ஜனம் ரொம்பிகினா அடங்கிடும்.” சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தான். “இது ஜனம் ரொம்பின மாதிரி அடங்குது.”

“நல்லதுதானே? எதிரொலி இல்லாங்காட்டி குரல் சுத்தமா வுழும்.”

அவன் பசை டப்பாவைத் திறந்தான்.

கால் சென்டரில் இத்தனை வருடமும் யாரோ எழுதிக்கொடுத்த மன்னிப்புகளைப் படித்துக்கொண்டிருந்த குரல் அவளுடையது. இப்போதுதான் ஒரு ஒலிப்புத்தக நிறுவனம் ஒரு முழு நாவலை நம்பிக் கொடுத்திருந்தது. முதல் அத்தியாயம் இன்று மாலைக்குள் போகவில்லை என்றால் வேறு குரலைப் பார்த்துக்கொள்வார்கள். வேலையை விட்டாகிவிட்டது. மைக் வாங்கப் போனபோதே அப்சல் படித்துப் படித்துச் சொன்னான்: “கண்டென்சர் வோணாம் அண்ணி. அது எறும்பு நடக்கறதைக்கூட இழுத்துக்கும். டைனமிக் எடு. வாய்கிட்ட வர்றத மட்டும் புடிக்கும்.” அவள் கேட்கவில்லை. தன் மெல்லிய குரலுக்கு அந்த நுட்பமான மைக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கி வந்திருந்தாள்.

சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் கருப்பு ஃபோம் பஞ்சு ஒட்டியாயிற்று. கதவின் நான்கு ஓரத்திலும் தடித்த ரப்பர் பட்டை வந்தாயிற்று. தோளால் தள்ளினால்தான் கதவு மூடியது. அப்சல் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

“கதவைத் தொறந்து வெச்சே பேசு அண்ணி.”

“லாரி சத்தம் வராது?”

“வரட்டுமே” என்றான் படியிறங்கிக்கொண்டே.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கதவைத் தள்ளி மூடினாள்.

பசையின் காரமும் புது ரப்பரின் வாடையும் மூக்கை அடைத்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று, நெரிசலான ரயில் பெட்டியில் வருமே, ஈரத் துணியும் வியர்வையும் தலை எண்ணெயும் கலந்த அந்தப் புழுக்கம் மெல்ல எழுந்துவந்தது. ஹெட்போனை மாட்டினாள். காதுக்குள் சன்னமாக ஓர் இரைச்சல். மைக் சத்தத்தை இழுக்கும் அளவை, கெயினை, குறைத்தாள். கேபிளைக் கழற்றிச் சொருகினாள். இரைச்சல் போகவில்லை. ஆனால் அது ஒரே சீராக இல்லை. ஏறியது, இறங்கியது, ஏறியது.

மூச்சு.

தன்னுடையதுதான் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனுக்குள் அது தொடர்ந்தது. ஒன்றல்ல. ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, ஒன்று சளி கட்டியதுபோல. பிறகு, அவள் கவனிப்பதைக் கண்டுகொண்டதுபோல, எல்லாம் ஒன்றாக நின்றன.

தீனாவுக்கு போன் போட்டாள். துறைமுகத்தில் கிரேன் மேல் இருப்பான், எடுக்கவில்லை.

எழுந்து போய்விடலாம். ஆனால் அத்தியாயம்? புது மைக், பழகாத காது, பயந்த மனசு, வேறென்ன என்று சொல்லிக்கொண்டாள். பதிவை ஓடவிட்டு முதல் பத்தியை நடுங்காமல் படித்து முடித்தாள். நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

தன் குரல். தெளிவாக, அழகாக. பத்தி முடிந்தது. அதற்குப் பிறகு பாதங்கள் தரையில் உரசின. துணி சரசரத்தது. ஒரு குழந்தை இருமியது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

கதவுக்கு ஓடினாள். இழுத்தாள். ரப்பர் பட்டை புதுப் பசையோடு நிலையைக் கவ்விப் பிடித்திருந்தது. கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. “அப்சல்!” என்று கத்தினாள். கீழ் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். குரல் உதட்டைத் தாண்டியதும் அமுங்கிப்போயிற்று. காலை நிலையில் உதைத்து, ஒரு கையைப் பக்கத்துச் சுவரில் ஊன்றி மறுபடி இழுத்தாள். கதவு அசையவில்லை.

சுவரிலிருந்து கையை எடுத்தாள். ஃபோமில் அவள் உள்ளங்கை பள்ளமாகப் பதிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல எழும்பி மட்டமானது.

அப்போதுதான் மற்றப் பள்ளங்களைக் கண்டாள்.

நான்கு சுவரிலும். தோள் அகலத்துக்கு ஒன்று, அதன் மேல் தலை அளவுக்கு ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. இடைவெளியே இல்லாமல், நெருக்கியடித்துச் சாய்ந்து நிற்பவர்களின் முதுகுகள். அவள் இடுப்பு உயரத்தில் ஒரு சின்னத் தலை.

அவை எழும்பவில்லை. அழுந்தியபடியே இருந்தன.

அவள் மூச்சுவிடவில்லை.

எதிர்ச் சுவரில் ஒரு பள்ளம், அவள் கையை எடுத்த இடம்போலவே, மெல்ல எழும்பத் தொடங்கியது. பிறகு அதன் பக்கத்துப் பள்ளம். பிறகு ஒவ்வொன்றாக, வரிசையாக, எல்லாம்.