கருப்பி யோசித்த ஞாயிற்றுக்கிழமை

அது 1958ஆம் ஆண்டு. கந்தப்பளைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், பன்னிரண்டு வீடுகள் ஒட்டி நின்ற லயத்தில், பத்து வயது வேலாயி தன் தந்தை முத்துலிங்கத்துடன் வசித்து வந்தாள். அவள் கருப்பி என்னும் ஆட்டை வளர்த்தாள்.

சனிக்கிழமை மாலை பக்கத்து வீட்டு அழகன் உரத்த குரலில் வந்து நின்றார். அவர் காய்க்காக வளர்த்த போஞ்சி அவரைச் செடிகள் மூன்றாம் முறையாக மொட்டையாகியிருந்தன.

“முத்துலிங்கம் அண்ணே! ஒங்க மக பட்டியச் சாத்துறதே இல்ல. இந்த ஆட்டுக்காகவா நான் போஞ்சி போட்டேன்?”

“நான் சாத்திட்டுத்தான் போறேன் மாமா,” என்றாள் வேலாயி. “கருப்பியே தொறக்குது. காலையில தப்பு அடிச்சு, ஆளுங்க மலைக்கு வேலைக்குப் போனப்புறம்தான் வருது. ஞாயித்துக்கிழமையில ஒரு நாளும் வந்ததில்ல.”

தப்பு என்பது, பெரட்டுக்களத்தில் வேலைக்கு வந்து நிற்குமாறு ஆட்களை அழைக்கப் பழனியாண்டி அடிக்கும் பறை.

அழகன் சிரித்தார். “அப்ப சத்தத்துக்கு வருது. அது வெறும் பழக்கம். சுத்திப் பாத்து யோசிக்க அதென்ன மனுசனா? கதவத் தொறந்து விடுறது நீதான்!”

“இன்னொரு தடவ மேஞ்சா, ஆட்ட வித்துருவேன்,” என்றார் முத்துலிங்கம்.

அன்றிரவு வேலாயி தன் ரொட்டியில் பாதியைக் கருப்பிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் நண்பகலில் அவள் பழனியாண்டியிடம் சென்றாள்.

“மாமா, ஒரே ஒரு தடவ தப்பு அடிங்க.”

“ஞாயித்துக்கிழமையா? கங்காணி வைவாரே!”

“ஆட்டுக்குப் பரீட்சைன்னு சொல்லுங்க.”

தப்பு முழங்கியது. கருப்பி பட்டியின் இடுக்கு வழியே மூக்கை நீட்டியது. வாசலில் அமர்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பின்பு படுத்து அசைபோடலாயிற்று.

அவ்வேளையில், உண்ட களைப்பில் உறங்கிக்கொண்டிருந்த அழகன் தோளில் கம்பளியும் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியுமாகப் பாய்ந்து வெளியே வந்தார்.

“எங்க மாமா ஓடுறீங்க?” என்று கேட்டாள் வேலாயி.

“பெரட்டுக்கு!”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை!”

அழகன் நின்றார். லயமே சிரித்தது.

வேலாயி எல்லாரையும் வீட்டுக்குள் அனுப்பிக் கதவுகளைச் சாத்தச் செய்தாள். அழகனை விறகுக் குவியலுக்குப் பின்னால் அமர்த்தி, தானும் அருகில் ஒளிந்தாள்.

அரவம் அடங்கியது. கருப்பி எழுந்தது. இடப்புறம் நோக்கியது; வலப்புறம் நோக்கியது. நாக்கை நீட்டிக் கதவுக் கட்டையைத் தூக்கியது. அவசரமின்றிப் போஞ்சிப் பாத்தியை நோக்கி நடந்தது.

அது இரண்டாம் வாய் மேய்ந்ததும் அழகன் எழுந்து முத்துலிங்கத்தை வெளியே அழைத்தார்.

“சத்தத்துக்கு ஓடுனது நான்தான்,” என்றார். “அண்ணே, ஆட்ட விக்க வேணாம். கதவ மாத்துங்க.”

வேலாயி கருப்பியைப் பட்டிக்குள் விட்டு, கட்டையைக் கம்பியால் இரண்டு முறுக்கு முறுக்கிக் கட்டினாள். கருப்பி அருகே வந்து கம்பியை முகர்ந்தது. பிறகு அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

வேலாயி மூன்றாம் முறுக்கையும் போட்டாள்.