விருந்தாளிப் பக்கம்

மழை விட்ட ஒரு காலையில் ஜோமோன் எங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு வந்தான். அடிமாலிக்காரன், கம்ப்யூட்டர் வேலை. நான் அங்கே வாட்சர். யார் வந்தாலும் பையைத் திறந்து பார்ப்பேன். அவன் பையையும் பார்த்தேன். வயர், ஸ்குரூ டிரைவர், ஒரு வெள்ளைப் பெட்டி.

"இது எதுக்கு?"

"பங்களாவுக்கு வைஃபை, அப்பச்சா. வர்ற கெஸ்டெல்லாம் ஆபீஸ் லைன்லயே கேறுறாங்க. போன வாரம் ஒருத்தன் அவன் கல்யாண போட்டோவ உங்க பிரிண்டர்ல அடிச்சு விட்டிருக்கான். மேனேஜர் சூடாயிட்டார்."

அலமாரிக்குள் சுவிட்சு இருந்தது. விளக்குப் போடுகிற சுவிட்சு இல்லை. வரிசையாகப் பொந்து வைத்த இரும்புப் பெட்டி. பொந்துக்கு ஒரு வயர், வயருக்கு மேல் ஒரு பச்சை விளக்கு.

"இந்தப் பெட்டிக்குள்ளயே ரெண்டு பக்கமாப் பிரிக்கணும்," என்றான். "ஆபீஸ் ஒரு பக்கம், விருந்தாளி ஒரு பக்கம். நடுவுல சுவர். அங்க உள்ளது இங்க வராது."

"சுவர் எங்க?"

"கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப இல்லைன்னு சொல்லு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஜூலையிலிருந்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அழுகையும் வருவதில்லை.

ஜூலையில் உருள்பொட்டல் வந்தது. மலை கழன்று வந்து, ஆபீசுக்குக் கீழே இருந்த கிரெச்சைக் கொண்டுபோனது. கொழுந்து கிள்ளப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. என் மகள் ஜிஷா அங்கே ஆயா. பிள்ளைகள் எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டாள். கம்பளி எடுக்கத் திரும்பிப் போனாள். அவ்வளவுதான். தோண்டினார்கள், நாய் விட்டுத் தேடினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள்.

என் மனைவி பெயர் செபமாலை. அவள் தோண்டுவதை நிறுத்தவில்லை. மம்பட்டியோடு அந்த மண்ணில் இறங்கினாள். இரண்டாம் தடவை மண் சரிந்து இடுப்புவரை மூடிவிட்டது. கயிறு கட்டித்தான் தூக்கினோம். இன்னொரு தடவை இறங்கினால் திரும்பமாட்டாள். ஃபாதர் பேசிப் பேசி, வருகிற ஞாயிறு ஒரு வெறும் சவப்பெட்டியை ஜிஷா பெயரில் அடக்கம் செய்யச் சம்மதிக்க வைத்திருந்தார். அதுவரை அவளை அந்த மண் பக்கம் விடக்கூடாது. எனக்கு வேறு எண்ணமே இல்லை.

ஜோமோன் ஒரு விளக்கைக் காட்டினான்.

"இந்த லைன் எங்க போகுது, அப்பச்சா?"

வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சுவர் ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் தொங்கி, செம்மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

கிரெச்சில் இருந்த கேமராவின் வயர்.

"அது போயிருச்சுப்பா. கட்டடமே இல்ல."

"லைட்டு மின்னுதே. அந்த முனையில ஏதோ ஓடிக்கிட்டிருக்கு."

ஜன்னலைச் சாத்தினேன். அவன் மேசைக் கம்ப்யூட்டரில் அந்தக் கேமராவைத் திறந்தான். திரை முழுக்க இருட்டு. அறைக்குள் ஈரமண் வாசம் எழுந்தது. வெளியிலிருந்து வரவில்லை. கம்ப்யூட்டர் இருந்த பக்கமிருந்து வந்தது.

ஒலியைக் கூட்டினான்.

தப்.

தப்.

தப்.

மெதுவாக. நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்.

குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டித் தூங்கவைக்கிற சத்தம். ஜூலை வரை, கீழே கிரெச்சிலிருந்து தினமும் மத்தியானத்தில் வந்துகொண்டிருந்த சத்தம்.

"அப்பச்சா..." ஜோமோன் குரல் அடங்கிவிட்டது. "வயரப் பிடுங்கட்டா?"

கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த முனையில் இருப்பது எதுவானாலும் அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அப்போது வாசலில் செபமாலையின் செருப்புச் சத்தம். கட்டன்சாயா கொண்டுவருகிறாள். இதைக் கேட்டால் சாயாவை வைத்துவிட்டு மம்பட்டியைத் தேடுவாள்.

"அந்தப் பக்கம் தள்ளு," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"விருந்தாளிப் பக்கம். ஒன் சுவருக்கு அங்கிட்டு. இங்க கேக்கக்கூடாது. சீக்கிரம்!"

கீபோர்டில் ஏதேதோ தட்டினான். சத்தம் அறுந்தது. செபமாலை உள்ளே வந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?"

"கரண்டு அடிச்சிருச்சு."

"ஒங்களயா? ஒங்கள அடிச்சிருந்தாக் கரண்டுல்ல செத்திருக்கும்."

ஜூலைக்குப் பிறகு அவள் வேடிக்கையாகப் பேசியது அன்றைக்குத்தான். சாயாவைக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

ஜோமோன் மேட்டுப் பங்களாவில் வெள்ளைப் பெட்டியை மாட்டி, விருந்தாளிப் பக்கத்து லைனை அதில் கொடுத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

பங்களாவில் எர்ணாகுளத்துக்காரர்கள் தங்கியிருந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. குளிரோ என்னவோ, வந்ததிலிருந்து குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. ஆபீஸ் வரை கேட்டது. செபமாலை அங்கேதான் கூட்டிப் பெருக்குகிறவள். சாயா கொடுத்துவிட்டு அங்கே போயிருந்தாள்.

மதியத்துக்கு மேல் அழுகை நின்றது.

சட்டென்று.

மேடேறிப் போனேன். பனி இறங்கி, தேயிலைச் செடி தெரியவில்லை. வராந்தாவில் அவர்கள் இருவரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மோன் உறங்கிட்டான்," என்றாள் தாய். "உங்க சேச்சிக்கு நல்ல கை."

உள்ளே போனேன். செபமாலை கட்டிலிலிருந்து விலகி, சுவரோரம் விளக்குமாற்றோடு நின்றிருந்தாள். அறை முழுக்க ஈரமண் வாசம். அவள் வாயில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீக. இப்பத்தான் தூங்க வைக்கிறா."

குழந்தை குப்புறப் படுத்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

முதுகுச் சட்டை அமுங்கியது. நிமிர்ந்தது.

அமுங்கியது.

ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியில் செம்மண் கொஞ்சம் கூடியது.

"செபமாலை, வா, வெளியே போவோம்."

"எங்க? மண்ணத் தோண்டவா? இனி எதுக்கு?" என்னைப் பார்க்காமலே சொன்னாள். "பெட்டி வேணாம்னு ஃபாதர்ட்ட சொல்லிருங்க, ஜிஷா அப்பா."

விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். கட்டிலருகே குத்தவைத்து உட்கார்ந்து, குழந்தையின் முதுகில் தன் கையை வைத்தாள். அசைக்காமல் வைத்திருந்தாள்.

கை அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது.

அவள் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன். என்ன செய்வதென்று தோன்றவில்லை. ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் அவர்கள் அறையைக் காலி செய்து போனார்கள். ஞாயிறும் போனது. யாரையும் அடக்கம் செய்யவில்லை. செபமாலை அதற்குப் பிறகு அந்தச் சரிவுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

அவள் புறங்கையில் நாலு விரல் அகலத்துக்குச் செம்மண் அப்பியிருக்கிறது. நான் சொன்னதற்காகச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். அடுப்போரம் கையை நீட்டி உட்காருகிறாள்.

அந்த மண் இன்னும் காயவில்லை.