உடம்பைத் தளர்த்தும் ஊசி

இடது கையில் ஊசி குத்தியிருந்த இடம் சில்லிட்டு, முழங்கைக்கடியில் விரிப்பு ஈரமாவது யாகப்பனுக்குத் தெரிந்தது. தூங்க வைக்கிற மருந்து நரம்புக்குள் போகாமல் வெளியே கசிந்துகொண்டிருந்தது. அவன் சொல்வதற்குள், மயக்க டாக்டர் வலது கையிலிருந்த ஊசி வழியாக, உடம்பைத் தளர்த்தும் அடுத்த மருந்தைச் செலுத்திவிட்டார்.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஏறி நசுங்கிய கால். ஐந்து வாரமாகப் படுக்கை. இது இரண்டாவது ஆபரேஷன். போன தடவை பத்து எண்ணுவதற்குள் தூங்கிப்போயிருந்தான்.

இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. முதலில் இமைகள் துடித்தன. பிறகு கழுத்து, தோள், வயிறு என்று தோலுக்கடியில் புழுக்கள் நெளிவதுபோலச் சதை தானாகத் துள்ளித் துள்ளி, தொடைவரை இறங்கி, ஒவ்வொரு இடமாக அடங்கிப்போயிற்று. டெட்டால் வாடையும், ஏசியின் உறுமலும், தலைமாட்டில் அவன் நெஞ்சுத் துடிப்பை ஒலித்துக்கொண்டிருந்த கருவியின் சத்தமும் முன்னைவிடத் துல்லியமாக இருந்தன.

'டாக்டர், நான் முழிச்சிருக்கேன்.'

வாய் திறக்கவில்லை. விரல் அசையவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தான். நெஞ்சு எழும்பவில்லை.

தொண்டைக்குள் குழாய் இறங்கியது. யாரோ காற்றை உள்ளே அழுத்தினார்கள். அப்போது கருவியின் சத்தம் தடுமாறியது. இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி. ஒரு துடிப்பு, நீண்ட இடைவெளி.

"என்ன ஊசி சார் போட்டீங்க?" சர்ஜனின் குரல் உயர்ந்தது. "அஞ்சு வாரமா படுக்கையில கெடந்த மனுஷனுக்கு அதைப் போடலாமா? ரத்தத்துல பொட்டாசியம் ஏறி ஹார்ட்டையே நிறுத்திடுமே!"

"அவசரத்துல..." என்றார் மயக்க டாக்டர்.

நெஞ்சின்மேல் இரண்டு கைகள் விழுந்தன. அழுத்தின. விலா எலும்பு முறிந்தது. வலித்தது. உள்ளே கத்தினான். மறுபடி அழுத்தின. இன்னொரு எலும்பு.

கருவி ஒரே நீளமாக ஊளையிட்டது. வெகுநேரம் கழித்து யாரோ அதை அணைத்தார்கள்.

"பதினொண்ணே கால். எழுதிக்கங்க சிஸ்டர்."

நர்ஸ் வினோதா அவன் இமையைப் பிரித்து டார்ச் அடித்தாள். வெளிச்சத்துக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. வியர்வை. உதட்டோரம் ஒரு மச்சம். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணும் இல்ல சார்," என்று இமையை மூடினாள்.

குழாயை உருவினார்கள். தாடையை இழுத்துக் கட்டினார்கள். ஒரு மூக்குத் துவாரத்தில் பஞ்சு வைத்தார்கள்.

கதவுக்கு வெளியே மனைவி லூர்தம்மாளின் குரல் கேட்டது.

"சிஸ்டர்... அவங்க கண்ணு முழிச்சிட்டாங்களா?"

அடுத்த துவாரத்திலும் பஞ்சு இறங்கியது.